கட்டளைநூல் தேடுமாறு

பழவேற்காட்டு ஏரி வங்கக் கடலோடு கலக்கும் முகத்துவாரத்திற்கு அணித்தே லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. அவ்வூர்க்குப் பெயர் தந்தது ஆண்டுள்ள கலங்கரை விளக்கமேயாம். இரவிற் கடல்மேற் செல்வோர் அதன் ஒளியைக் கண்டு கரையறிவர். ஆயினும் ஒளியைக் கண்ட அளவிலே கரை இன்னதெனத் தெளிதல் இயலாது. கரையோரத்து விளக்கங்கள் பல. இத்தனை வினாடிக்கு இத்தனை முறை மின்னுவது என்னும் தனி இயல்பு ஒவ்வொன்றிற்கும் வகுக்கப்பட்டிருக்கின்றது. அவ்வியல்புகளையெல்லாம் வரிசைப்பட எழுதிய நூலுக்கு விளக்கப் பட்டியல் என்று பெயர். நம் நாட்டிற்குரிய பட்டியலைத் தேராதூனிலுள்ள தேசிய நீரியல் வரைவு அலுவலகத்தார் வெளியிடுகின்றனர். புதிதாக வரும் மாலுமி மின்னலை எண்ணி, அப்பட்டியலோடு ஒப்பிட்டு, தான் எக்கரையை நோக்குகின்றான் என்று துணிவான். வேறொரு நாட்டுப் பட்டியலை விரித்து வைத்திருப்பானாயின், எண்ணியது பிழையாகாதிருந்தும் துணிந்தது பிழையாகும்.

இன்று அக்குப்பத்து மீனவர் படகேறும்போது கையளவான ஜி.பி.எஸ். கருவியையும், கைப்பேசியையும், சிலர் ஆழமறியும் எக்கோ சவுண்டரையும் உடன் கொண்டு செல்கின்றனர். இவை ஒவ்வொன்றனுள்ளும் ஒரு சிறு கணிப்பொறி மறைந்திருக்கின்றது. மேசைமேல் வைத்துப் பலவேலை செய்யும் கணிப்பொறி போலாது, ஒரு கருவியினுள் அமர்ந்து அக்கருவிக்குரிய தொழிலையே இடையறாது செய்வதால் இதனை உட்பொதிந்த செயலி என்பர். இச்செயலிக்கு நேர்நின்று ஆணையிடும் மொழி அசெம்பிளி மொழியாம். அம்மொழியில் எழுதப் புகும் மாணவர்க்கு முதற்கண் வேண்டுவது கூர்மையான அறிவன்று, உரிய நூலேயாம். அந்நூல் எது, அதனை எவ்வாறு தேடுவது, கிடைத்ததை எவ்வளவு நம்பலாம் என்பவற்றைச் சுருங்கக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

1. கட்டளைத் தொகுதி இன்னது என்பது

செயலி அறிவது எண் ஒன்றையே. இன்ன எண் வரின் இன்ன தொழில் செய்க என்று அதனை ஆக்கியோர் முன்னரே வகுத்துள்ளனர். அவ்வாறு வகுத்த தொழில்கள் அனைத்தும் சேர்ந்தது கட்டளைத் தொகுதி எனப்படும். எண்களையே எழுதிக்கொண்டிருத்தல் மனிதர்க்கு அரிதாகலின், ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு சுருக்கப் பெயர் இட்டு எழுதினர். பெயரை மீண்டும் எண்ணாக்கும் வேலையைக் கணிப்பொறிக்கே விடுத்தனர். கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் 1949-ஆம் ஆண்டு இயங்கத் தொடங்கிய எட்சாக் என்னும் பொறிக்கு டேவிட் வீலர் என்பார் எழுதிய தொடக்க ஆணைகள் இவ்வேலையையே செய்தன. பின்னர் இத்தகைய மொழிபெயர்ப்புக் கருவி அசெம்பிளர் என்று வழங்கலாயிற்று.

ஓர் உதாரணம் கூறுவோம். பதிவகம் ஒன்றில் 50 என்னும் எண்ணை இடுக என்பது கருத்து. பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில் 50 என்பது 32 என எழுதப்படும். இக்கருத்தை நான்கு செயலிகளுக்கு உணர்த்துமாறு காண்க. கீழ்வரும் எண்கள் யாவும் அப்பதினாறின் அடியிலேயே எழுதப்பட்டன.

இன்டெல் 8085, பி என்னும் பதிவகம்: 06 32
இன்டெல் 8051, ஆர்0 என்னும் பதிவகம்: 78 32
ஆர்ம் கார்ட்டெக்ஸ்-எம், ஆர்0 என்னும் பதிவகம்: 2032
ரிஸ்க்-ஃபைவ், எக்ஸ்5 என்னும் பதிவகம்: 03200293

32 என்னும் பகுதி நான்கிலும் புலனாகின்றது. எஞ்சிய பகுதியோ ஒன்றோடொன்று ஒவ்வாது நிற்கின்றது. அதுவே கட்டளையின் பெயரும் பதிவகத்தின் பெயரும் பொதிந்த இடம். 8051-க்குரிய 78 என்னும் எண்ணை 8085-க்குக் கொடுத்தால், அது பி பதிவகத்திலுள்ளதை ஏ பதிவகத்திற்குப் படியெடுக்கும். 8085-இல் 76 என்பது நின்றுவிடுக என்னும் ஆணை. 8051-இலோ அதே 76, ஆர்0 சுட்டும் நினைவிடத்தில் அடுத்து வரும் எண்ணை இடுக என்று பொருள்படும். ஓரிடத்தில் ஓய்வு, மற்றோரிடத்தில் நினைவகத்தை மாற்றி எழுதுதல்!

பழவேற்காட்டு ஏரியின் தென்கரையிலே தமிழும் வடபாகத்திலே தெலுங்கும் வழங்குகின்றன. மா என்று தென்கரையிற் சொன்னால் மாமரமோ அரைத்த மாவோ நினைவிற்கு வரும். வடகரையில் அச்சொல் எங்களுடைய என்று பொருள்படும். ஒலி ஒன்றே, நிகண்டு வேறு. செயலிகளின் நிலையும் அத்தகையதே. ஆதலின் கட்டளைநூலைத் தேடுவோன் முதலில் வினவ வேண்டுவது, இவ்வெண்ணுக்குப் பொருள் யாது என்பதன்று; இவ்வெண் எம்மொழியைச் சார்ந்தது என்பதே.

2. நூல்கள் பலவாதற்குக் காரணம்

மாணவர் பலர் ஒரு செயலிக்கு ஒரே நூல் உண்டு என்று கருதித் தேடி, ஐந்தாறு நூல்கள் எதிர்ப்படக் கண்டு மயங்குகின்றனர். இம்மயக்கம் நீங்கச் சிறிது வரலாறு அறிதல் நலம். 1964-ஆம் ஆண்டு ஐ.பி.எம். கம்பெனியார் சிஸ்டம்/360 என்னும் கணிப்பொறி வரிசையை வெளியிட்டனர். விலையாலும் வேகத்தாலும் வேறுபட்ட பல பொறிகள் ஒரே கட்டளைத் தொகுதிக்கு அடங்கி நடக்குமாறு அவர்கள் அமைத்தனர். அன்றுமுதல், பொறி செய்வதாக வாக்களிப்பது யாது என்பதும், ஒரு குறித்த பொறி அவ்வாக்கை எவ்வாறு நிறைவேற்றுகின்றது என்பதும் இருவேறு பொருள்களாகப் பிரிந்தன. நூல்களும் அவ்வாறே பிரிந்தன. அவற்றை ஐவகையாகக் கொள்ளலாம்.

(அ) கட்டளைத் தொகுதிக் கையேடு. ஒவ்வொரு கட்டளையின் பொருளும், அதன் எண்வடிவமும், அது எக்குறிகளை மாற்றும் என்பதும் இதிற் காணலாம். கார்ட்டெக்ஸ்-எம்4 செயலிக்கு ஆர்ம்வி7-எம் ஆர்க்கிடெக்சர் ரெஃபரன்ஸ் மானுவல் என்பதும், ஏ.வி.ஆர். செயலிகளுக்கு ஏ.வி.ஆர். இன்ஸ்ட்ரக்ஷன் செட் மானுவல் என்பதும் இவ்வகையின. ரிஸ்க்-ஃபைவுக்கு இந்நூல் இரண்டு பாகமாக இருக்கின்றது; முதற்பாகம் எல்லா நிரல்களுக்கும் பொதுவான கட்டளைகளையும், இரண்டாம் பாகம் பொறியை ஆளும் மேலதிகார நிலைக்குரியவற்றையும் கூறும்.

(ஆ) செயலிக்கருவின் கையேடு. ஒரு கட்டளை முடிய எத்தனை கடிகாரத் துடிப்பு ஆகும், விருப்பப்படி சேர்க்கத்தக்க உறுப்புகள் எவை என்பன இதில் வரும். கார்ட்டெக்ஸ்-எம்4 கருவிற் பின்ன எண்களைக் கணக்கிடும் உறுப்பு இருத்தலும் உண்டு, இல்லாமையும் உண்டு. அக்கட்டளைகள் முன்சொன்ன நூலில் விளக்கப்பட்டிருப்பதொன்றே நம் கையிலுள்ள சில்லில் அவை நடக்கும் என்பதற்குச் சான்றாகாது.

(இ) சில்லின் கையேடும் டேட்டா ஷீட்டும். நினைவகம் எம்முகவரியில் தொடங்குகின்றது, விளக்கேற்றும் முனை எப்பதிவகத்தால் ஆளப்படுகின்றது, டைமர் எவ்வாறு எண்ணுகின்றது, எத்தனை வோல்ட் தாங்கும் என்பன இங்கே உள.

(ஈ) பிழைதிருத்தப் பட்டியல். ஆக்கியோர் தம் சில்லிற் பின்னர்க் கண்ட குறைகளைத் தாமே ஒப்புக்கொண்டு எழுதிய ஏடு இது. இதனை மாணவர் படிப்பதே இல்லை. நூலில் உள்ளபடி எழுதியும் நடவாதபோது முதலில் திறக்கத்தக்கது இதுவே.

(உ) அசெம்பிளரின் கையேடு. செயலி அறியாத சொற்கள் சில அசெம்பிளி நிரலிற் பயில்கின்றன. ரிஸ்க்-ஃபைவில் நாப் என்று எழுதுவோம். அதற்கெனத் தனிக் கட்டளை இல்லை. எக்ஸ்0-உடன் சுழியத்தைக் கூட்டி எக்ஸ்0-இலேயே இடுக என்னும் கூட்டற் கட்டளையாக அசெம்பிளர் அதனை மாற்றி 00000013 என்று எழுதுகின்றது. ரெட் என்பதும் அவ்வாறே 00008067 ஆகின்றது. இவற்றைப் போலிக் கட்டளைகள் என்னலாம். எக்ஸ்5 என்னும் பதிவகத்திற்கு டி0 என்னும் மறுபெயர் உண்டு. அழைக்கப்பட்ட துணைநிரல் டி வரிசைப் பதிவகங்களை அழிக்கலாம், எஸ் வரிசைப் பதிவகங்களைக் காத்து மீளத் தரவேண்டும் என்பது உடன்படிக்கை. இவ்வுடன்படிக்கையைச் செயலி காவாது; எழுதுவோனே காத்தல் வேண்டும்.

3. ஒரு மாணவர் பட்ட இடர்

லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து எம்மிடம் பயில வந்த மாணவர் ஒருவர், படகுத்துறையில் நீர்மட்டம் ஏறுவதையும் இறங்குவதையும் அளந்து குறிக்கும் சிறு கருவி ஒன்று செய்ய விரும்பினார். ஏரிமுகம் மணலால் தூர்ந்தால் படகுகள் கடலுக்குச் செல்ல இடர்ப்படும். நீர்மட்டத்தை நாடோறும் குறித்துவைத்தால் தூர்தலைப் பற்றி வாய்ப்பேச்சாகவன்றிக் கணக்காகவே கூறலாம் என்பது அவர் எண்ணம். எண்ணம் நன்றே.

அவர் கொண்ட முறை ஒலியின் எதிரொலியை அளத்தல். நீர்மேல் ஒரு தூணிற் பொருத்திய உணர்கருவிக்கு 10 மைக்ரோ வினாடி நேரம் ஒரு மின்துடிப்பு அனுப்பவேண்டும். அது கேளா ஒலியை எழுப்பும். அவ்வொலி நீரிற் பட்டு மீளும். ஒலி வினாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்வதால், போய் மீளும் நேரத்தில் 58 மைக்ரோ வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் என்று தூரம் கணக்கிடலாம்.

செயலி 8051 குடும்பத்தது. அவர் ஆர்0-இல் 5 என்னும் எண்ணை இட்டு, அது சுழியமாகும் வரை ஒவ்வொன்றாகக் குறைத்துச் சுற்றிவரும் டி.ஜே.என்.இஸட். என்னும் கட்டளையால் நேரம் கடத்தினார். முதன்முதலாக வந்த 8051-இல் ஒரு பொறிச்சுற்றுக்குப் பன்னிரண்டு கடிகாரத் துடிப்பு. 12 மெகாஹெர்ட்ஸ் கடிகாரம் வைத்தால் ஒரு சுற்று ஒரு மைக்ரோ வினாடி. எண் இடுதற்கு ஒன்று. குறைத்துச் சுற்றுதற்கு இரண்டாக ஐந்துமுறை பத்து. ஆகப் பதினொரு மைக்ரோ வினாடி. கணக்கிற் பிழையில்லை. ஆயினும் கருவி வாய் திறக்கவில்லை.

இரண்டு வாரம் அவர் கட்டளை அட்டவணையை வைத்துக்கொண்டு ஒவ்வோர் எண்ணாக ஒப்பிட்டார். யாவும் ஒத்திருந்தன. கம்பிகளை மாற்றினார், உணர்கருவியை மாற்றினார், கையிருந்த பொருளும் செலவாயிற்று. "ஐயா, நூலில் உள்ளபடியே எழுதினேன், நூல் பொய்யாகுமோ?" என்று எம்மை வினவினார். "எந்த நூல்?" என்று யாம் வினவினேம். அவர் காட்டியது பழைய 8051-க்குரிய நூல். கையிலிருந்த சில்லோ அதே கட்டளைத் தொகுதியை உடையதாயினும், பிற்காலத்தில் வேறு ஒரு நிறுவனத்தார் ஆக்கியது. சில்லின் முதுகில் இருந்த பெயரைக் கொண்டு அதற்கே உரிய கையேட்டை வருவித்துப் பார்த்தோம். அதிற் குறைத்துச் சுற்றும் கட்டளைக்கு நான்கு துடிப்பும், எண் இடுதற்கு இரண்டு துடிப்புமே குறிக்கப்பட்டிருந்தன. ஆக 22 துடிப்பு. அஃது இரண்டு மைக்ரோ வினாடிக்கும் குறைவு. பத்து வேண்டிய உணர்கருவிக்கு இரண்டு போதவில்லை. டைமர் மட்டும் பழைய வழக்கப்படி பன்னிரு துடிப்புக்கு ஒன்றாகவே எண்ணும் என்றும் அந்நூலே கூறிற்று. ஆதலின் எதிரொலியை எண்ணும் பகுதியில் மாற்றம் வேண்டியதில்லை.

5 என்றிருந்த இடத்தில் 30 என்று எழுதினார். 122 துடிப்பு, பத்து மைக்ரோ வினாடிக்குச் சற்று மேல். கருவி அப்பொழுதே அளவு காட்டிற்று. இரு வாரத்து உழைப்பை விழுங்கிய பிழை ஓர் எண்ணளவே. பழைய நூலும் பொய் கூறவில்லை, மாணவரும் சோம்பியிருக்கவில்லை. கட்டளை யாது செய்யும் என்னும் நூலை, எவ்வளவு நேரத்திற் செய்யும் என்னும் வினாவுக்கு விடையாகக் கொண்டதே குற்றம்.

4. தேடும் முறை

இவ்வனுபவத்தாலும் பிறவற்றாலும் யாம் கண்ட முறையை இங்குத் தொகுத்துக் கூறுகின்றோம்.

முதலாவது, சில்லின்மேற் பொறித்த எழுத்துக்களை முழுதும் படித்தெழுதுக. ஈற்றில் நிற்கும் ஓர் எழுத்தும் வேறுபாடு காட்டுவதாகலாம். அப்பெயரைக் கொண்டு சில்லின் டேட்டா ஷீட்டைத் தேடுக. அஃது உள்ளிருக்கும் செயலிக்கரு இன்னதெனச் சொல்லும். கரு தெரிந்தபின் கருவின் நூலையும், அதன் வழியே கட்டளைத் தொகுதியின் நூலையும் அடைக. சில்லிலிருந்து தொகுதிக்குச் செல்லுதலே நேரிய வழி.

இரண்டாவது, நூலை ஆக்கியோரிடமே பெறுக. நிறுவனங்கள் கைமாறுவதுண்டு. ஏ.வி.ஆர். செயலிகளை ஆக்கிய அட்மெல் கம்பெனி 2016-ஆம் ஆண்டு மைக்ரோசிப் கம்பெனியோடு சேர்ந்தது. ஆதலின் அட்மெல் பெயரில் தேடுவோன் பழம்பதிப்பையே கண்டு மீள்வான். வழக்கொழிந்த பொறிகளின் நூல்களை பிட்சேவர்ஸ் முதலிய ஆவணக் களஞ்சியங்களிற் காணலாம்.

மூன்றாவது, பதிப்பெண்ணையும் ஆண்டையும் குறித்துக்கொள்க. ரிஸ்க்-ஃபைவின் 32 பிட் அடிப்படைத் தொகுதி ஆர்.வி.32.ஐ எனப்படும். 2019-இல் உறுதிசெய்யப்பட்ட பதிப்பில் இது 40 கட்டளைகளை உடையது. அதற்கு முந்திய பதிப்புகளில் இத்தொகுதியோடு சேர்த்தெண்ணப்பட்ட சில கட்டளைகள் பின்னர்த் தனித் தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டன. பதிப்பறியாது படிப்போன், தன் சில்லில் இல்லாத கட்டளையை உளதென்று கொள்வான்.

நான்காவது, பெயரின் பின்வரும் எழுத்துக்களைக் கவனிக்க. ரிஸ்க்-ஃபைவில் ஐ என்பது அடிப்படை. எம் என்பது பெருக்கலும் வகுத்தலும். ஏ என்பது இடையறவு படாத நினைவகச் செயல்கள். எஃப், டி என்பன பின்ன எண்கள். சி என்பது 16 பிட்டில் அடக்கிய குறுங்கட்டளைகள். எம் இல்லாத சில்லிற் பெருக்கற் கட்டளை எழுதின் செயலி அதனை அறியாது.

ஐந்தாவது, குறிகளைப் பற்றிய குறிப்பை விடாது படிக்க. 8085-இல் ஒற்றைப் பதிவகத்தைக் குறைக்கும் டி.சி.ஆர். என்னும் கட்டளை சுழியக் குறியை மாற்றும்; இரட்டைப் பதிவகத்தைக் குறைக்கும் டி.சி.எக்ஸ். எக்குறியையும் மாற்றாது. இதனை அறியாதோன் டி.சி.எக்ஸ். எழுதி, சுழியமாகாவிடில் திரும்புக என்று அடுத்து எழுதுவான். அச்சுற்று முடிதற்கும் அவன் கணக்கிற்கும் தொடர்பே இராது. சுருக்க அட்டவணைகள் பலவற்றில் இக்குறிப்பு விடுபட்டிருக்கும்.

ஆறாவது, நேரக் கணக்கை உரிய நூலிலே தேடுக. 8085-இன் நூலே துடிப்புகளையும் கூறும். பி பதிவகத்தில் 50 இட 7. ஒன்று குறைக்க 4. திரும்பினால் 10, திரும்பாது விடின் 7. ஐம்பது முறை சுற்றினால் 7-உம், 200-உம், 490-உம், 7-உம் கூடி 704 துடிப்பாம். 3 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் இது சுமார் 235 மைக்ரோ வினாடி. ரிஸ்க்-ஃபைவின் தொகுதிநூலிலோ துடிப்புக் கணக்கு இல்லை. அது கருவை ஆக்குவோரின் பொருளாதலின்.

ஏழாவது, கிடைத்த அட்டவணையைச் சோதித்துப் பார்க்க. ஒரு கட்டளையைக் கையால் எண்ணாக்கி, அதனையே அசெம்பிளரிடம் கொடுத்து, அது தரும் எண்ணோடு ஒப்பிடுக. ஐந்தாறு கட்டளைகள் ஒத்துவரின் அட்டவணை நம்பத்தக்கது.

எட்டாவது, நூலிற் கூறாததை நம்பியிருத்தல் ஆகாது. 8085-இல் எட்டு பிட்டால் அமையக்கூடிய 256 எண்களுள் 246-க்கே இன்டெல் நூல் பொருள் கூறிற்று. எஞ்சிய பத்தும் சில தொழில்களைச் செய்வதைப் பின்னர்ச் சோதித்தறிந்தனர். அறிதல் இனிதே, ஆயினும் ஆக்கியோர் வாக்களியாத ஒன்றின்மேற் கருவியைக் கட்டுதல் மணல்மேல் வீடு கட்டுதலாம்.

5. நம் நாட்டுச் செயலிகளும் அவற்றின் நூல்களும்

லைட்ஹவுஸ் குப்பத்திற்கு வடக்கே, ஏரியையும் கடலையும் பிரித்து நீண்டு கிடக்கும் தீவில் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளித் தளம் உள்ளது. ராக்கெட் ஏவும் நாளிற் கடலுக்குச் செல்லலாகாது என்று மீனவர்க்கு அறிவிப்பு வரும். 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் இரவு அங்கிருந்து பி.எஸ்.எல்.வி.-சி60 எழுந்தது. விக்ரம் 3201 என்னும் 32 பிட் செயலி விண்வெளியில் முதன்முதலாகச் சோதிக்கப்பட்டது அப்பயணத்திலேதான். அச்செயலியைத் திருவனந்தபுரத்து விக்ரம் சாராபாய் விண்வெளி மையத்தாரும் சண்டிகரிலுள்ள செமிகண்டக்டர் லேபரட்டரியாரும் ஆக்கினர். 2009 முதல் நம் ராக்கெட்டுகளிற் பணிபுரிந்த விக்ரம் 1601 என்னும் 16 பிட் செயலியின் வழித்தோன்றல் இது.

விக்ரமின் கட்டளைத் தொகுதி விண்வெளித் துறையார் தாமே வகுத்தது. தமக்கென ஒரு மொழியை வகுத்தோர் அதற்கு இலக்கணமும் நிகண்டும் மொழிபெயர்ப்பாளரும் தாமே தேடிக்கொள்ளல் வேண்டும். அவ்வாறே அசெம்பிளர், லிங்க்கர், சிமுலேட்டர், ஏடா மொழிக்குரிய கம்பைலர் ஆகிய யாவற்றையும் அத்துறையாரே செய்துகொண்டனர். 2025-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் விக்ரமோடு ஒப்படைக்கப்பட்ட கல்பனா 3201 வேறு வழியைத் தழுவிற்று. அது ஸ்பார்க் வி8 என்னும் தொகுதியை உடையது; ஐ.இ.இ.இ. 1754 என்னும் பொதுத் தரமாக வெளியிடப்பட்ட நூல் அதற்கு உண்டு. ஆகவே பிறர் ஆக்கி வெளியிட்ட கருவிகள் அதற்கும் பயன்படும்.

மூன்றாவது வழி சென்னையில் பிறந்தது. ஐ.ஐ.டி. மெட்ராஸில் 2014-இல் தொடங்கிய சக்தி என்னும் செயலி முயற்சி ரிஸ்க்-ஃபைவ் தொகுதியை மேற்கொண்டது. 2018-இல் அதன் சில்லுகள் வெளிவந்தன. அவ்வழியில், விண்வெளித் துறையாரோடு கூடி ஆக்கிய ஐரிஸ் என்னும் சில்லு 2025-இல் இயங்கிற்று. திருவனந்தபுரத்து சி-டாக் நிறுவனத்தாரின் வேகா செயலிகளும் ரிஸ்க்-ஃபைவையே சார்ந்தவை. அவற்றுள் தேஜஸ்32 என்னும் சில்லைத் தாங்கிய ஏரீஸ் பலகை மாணவர்க்கு ஏற்றது. ஆர்.வி.32.ஐ.எம். என்று அதன் தொகுதியை எழுதுவர். மேற்கூறிய எழுத்துக்களின் பொருளைக் கொண்டு அதனிற் பெருக்கல் உண்டு, பின்ன எண் இல்லை என்று நேயரே கூறிவிடலாம்.

ரிஸ்க்-ஃபைவ் 2010-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி சர்வகலாசாலையில் தொடங்கியது. அதன் முதற் கையேடு 2011-இல் வெளிவந்தது. அதன் சிறப்பு யாது? ஆர்ம் கம்பெனியாரின் நூலையும் எவரும் பெற்றுப் படிக்கலாம். ஆயின் அந்நூலின்படி ஒரு செயலியை ஆக்க அவரது அனுமதி வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்னும் முறை உண்டு. வலையிடும் இடங்களை உரிமையுள்ள தலைக்கட்டுகள் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். பாட்டின் இடத்தை எவரும் அறியலாம், முறையுடையோரே வலையிடலாம். பிணக்கைத் தவிர்க்க அம்முறை ஏரிக்கு வேண்டியதே. ஆயின் கட்டளைத் தொகுதி என்பது பலர் எடுத்தாலும் குறையாத பொருள். ரிஸ்க்-ஃபைவை வகுத்தோர் அதனை யாவர்க்கும் திறந்துவைத்தனர். படிக்கலாம், அதன்படி செயலி ஆக்கலாம், மூலத்தின் பெயரைச் சொல்லி நூலைப் படியெடுக்கலாம், மொழிபெயர்க்கலாம்.

6. முடிவுரை

இறுதியாகச் சொன்ன மொழிபெயர்க்கலாம் என்னும் சொல்லை நம் கல்லூரி மாணவர் சிந்தித்தல் வேண்டும். அடிப்படைத் தொகுதி நாற்பதே கட்டளை. நாற்பது கட்டளைக்கும் பொருள், எண்வடிவம், ஓர் உதாரணம் என்று நாளொன்றுக்கு ஒன்றாகத் தமிழில் எழுதினாலும் ஒரு பருவத்திற்குள் முடியும். எழுதுவோர்க்கும் இது பெரும்பயன் தரும்; ஒரு கட்டளையைத் தம் மொழியிற் பிழையறச் சொல்ல முயலும்போதே தாம் அதனை அறிந்ததும் அறியாததும் விளங்கும்.

முன்கூறிய மாணவர் தம் கருவியைப் பெட்டியில் அடைத்துத் துறையில் நிறுத்துமுன் ஒரு காரியம் செய்தார். தம் நிரலில் வந்த கட்டளைகள் பதினேழையும், ஒவ்வொன்றின் பொருளையும், அதற்காகும் துடிப்பையும், எந்நூலின் எப்பதிப்பில் எப்பக்கத்தில் அதனைக் கண்டார் என்பதையும் தமிழில் ஒரு தாளில் எழுதி, மடித்துப் பெட்டியினுள் வைத்தார். காரணம் வினவினேம். "யான் வேலை தேடி வெளியூர் செல்ல நேரும், ஐயா, கருவி நின்றுபோனால் என் தம்பி திறந்து பார்ப்பான். அவன் என்னைப்போல் இரண்டு வாரம் அலைதல் ஆகாது" என்றார்.

விளக்கம் கரையில் இருத்தல் நன்று. அதன் இயல்பைக் கூறும் பட்டியலும் கடலிற் செல்வோன் கையில் இருத்தல் வேண்டும். கருவி செய்வோர் ஒவ்வொருவரும் அதனோடு அதற்குரிய நூற்குறிப்பையும் வைத்துச் செல்வாராக.